கையிலுள்ள கணக்கேடு

நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டென்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் நானும் ஒருவன்.

தில்லியில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் நான், காலையில் வெறும் வயிற்றில் மட்டும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, 120 என்று கண்டு மன நிறைவு கொண்டிருந்தேன். சுமார் மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையோ 7.9 விழுக்காடு என்றது. "இரவு உணவுக்குப் பின் பார்ப்பதுண்டா?" என்று டாக்டர் வினவினார். பார்த்ததில்லை.

அவர் யோசனைப்படி கைப்பேசியில் ஒரு செயலியை அமைத்துக்கொண்டேன். உண்டது, உண்ட நேரம், நடை, மாத்திரை, குளுக்கோமீட்டர் காட்டிய எண் ஆகியவற்றை இரு வாரங்கள் பதிந்தேன். செயலி அவற்றைக் கோடாக வரைந்து காட்டியது. இரவு பத்து மணிக்கு அக்கோடு 240-ஐ எட்டிற்று! காரணம் விளங்கிவிட்டது. சப்பாத்தி இவ்வூர் வழக்கம். தயிர்சாதம் நம்மூர் வழக்கம். இரண்டையும் விடாதது என் வழக்கம். இரண்டில் ஒன்றே போதும், உண்டபின் அரைமணி நடை வேண்டும் என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் 7.9 என்பது 7.1 ஆயிற்று.

அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனினும் அந்தக் கோட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. மாற்றலாகி வேற்று மாநிலம் செல்வோர்க்கும், விடுமுறையில் ஊர் செல்வோர்க்கும் இது பெரும் உபகாரம். பழைய சீட்டுகளைத் தேட வேண்டாம். கணக்கு உடன் வருகிறது.

ஆயினும் செயலி மருத்துவராகாது. இன்சுலின் அளவைக் கணக்கிட்டுத் தரும் 46 செயலிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் 31 செயலிகள் பொருந்தாத அளவைக் கூறிவிடக் கூடியவை என்று கண்டது. ஆகவே மருந்தின் அளவை டாக்டரே நிர்ணயிக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டு, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் குளுக்கோஸோ சர்க்கரையோ உட்கொள்ளுங்கள். பதிவு பிறகு ஆகட்டும்.

இறுதியாக ஒன்று. தீபாவளியன்று உண்ட இனிப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். நாம் எழுதாத உணவையும் இரத்தம் கணக்கில் வைத்துக்கொள்கிறது.