ஸ்டைன்பெக் அழித்ததும் எழுதியதும்

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் பேசும்போது பலரும் அதிலுள்ள கோபத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோபத்தைவிட, அதைக் கலையாக்கிய உழைப்புதான் பெரிதாகத் தெரிகிறது. அதில் பலருடைய உழைப்பு கலந்திருக்கிறது.

1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் வயல்களை மூடியது. கடனும் விலைச் சரிவும் டிராக்டரும் சேர்ந்து குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து விரட்டின. பழைய கார்களில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். அங்கே வேலை குறைவு, ஆட்கள் அதிகம், கூலி சரிந்தது. வந்தவர்களை 'ஓக்கி' என்று இழிவாக அழைத்தார்கள்.

1936இல் 'சான்பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழுக்காக ஸ்டைன்பெக் இம்மக்களைப் பற்றி 7 கட்டுரைகள் எழுதினார். அப்போது அவருக்குத் துணைநின்றவர் டாம் காலின்ஸ். கலிஃபோர்னியாவின் ஆர்வின் அருகே அரசு நடத்திய முகாமின் மேலாளர். முகாமில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன பாடினார்கள், எப்படிப் பேசினார்கள் என்றெல்லாம் விரிவாக அறிக்கை எழுதிவைத்தவர் அவர். நாவலின் மையமான ஜோட் குடும்பத்தாரின் பேச்சு இவ்வளவு உயிரோடு இருப்பதில் அந்த அறிக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

1938 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் வைசேலியா பகுதியில் வெள்ளம். கூடாரங்களில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஸ்டைன்பெக் நேரில் போய் அந்தக் கொடுமையைப் பார்த்தார். அதே ஆண்டு அவர் முதலில் எழுதியது வேறொரு நாவல்: சலினாஸ் லெட்டூஸ் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கிய ஊர்ப் பெரிய மனிதர்களைச் சாடும் நையாண்டி. எழுதி முடித்துவிட்டு அதை அவரே அழித்தார். மனிதரை மனிதர் புரிந்துகொள்ளவே தன் எழுத்து, இதுவோ வெறுப்பை வளர்க்கிறது என்று எண்ணினார். அவருடைய எழுத்து வாழ்வில் அதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்பேன்.

மே மாத இறுதியில் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுத மறுபடி உட்கார்ந்தார். அக்டோபருக்குள், ஐந்தே மாதங்களில், முழு நாவலையும் கையால் எழுதி முடித்தார். தட்டச்சு செய்தவர் மனைவி கேரல். தலைப்பைச் சொன்னவரும் அவர்தான். நூல் கேரலுக்கும் டாமுக்கும் காணிக்கையாக்கப்பட்டது.

30 அத்தியாயங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஜோட் குடும்பமே வராது. ஓர் ஆமை சாலையைக் கடக்கும், பழைய கார் வியாபாரி ஆளை ஏமாற்றுவான், புழுதி இறங்கும். ஒரு வீட்டின் கதை ஒரு நாட்டின் கதையாவது இந்தக் குறும் அத்தியாயங்களால்தான். சில இடங்களில் அவை பிரசங்கமாகிவிடுகின்றன, அது குறைதான். ஆனால் அந்த ஆமை அத்தியாயத்தில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. குழந்தையை இழந்த ஜோட் வீட்டு மகள் ரோஸ் ஆஃப் ஷாரன், பசியால் சாகக்கிடக்கும் அந்நியனுக்குப் பால் கொடுக்கும் முடிவை மாற்றச் சொன்னார் பதிப்பாளர். ஸ்டைன்பெக் இணங்கவில்லை. அவர் செய்தது சரி.

1939 ஏப்ரலில் நூல் வெளிவந்தது. கோபமும் உடனே கிளம்பியது. காலின்ஸின் முகாம் இருந்த அதே கெர்ன் மாவட்டத்தில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடைசெய்தார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பிரதியைக் கொளுத்தினார்கள். மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் தடையை எதிர்த்துக் கடிதம் எழுதினார். தடைவிதித்த மேலிடத்தின் கீழ் வேலைபார்த்துக்கொண்டே அவர் காட்டிய துணிவு வணக்கத்துக்குரியது. 1940இல் நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஜான் ஃபோர்டின் திரைப்படமும் அதே ஆண்டில் வந்தது. 1962இல் ஸ்டைன்பெக் நோபல் பரிசு பெற்றார்.

இந்தப் புகழுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரையும் வைக்க வேண்டும். சனோரா பாப், காலின்ஸுடன் முகாம்களில் வேலைசெய்தவர். வறண்ட நிலத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய குறிப்புகளும் காலின்ஸ் வழியாக ஸ்டைன்பெக்கிடம் போயின. அதே மக்களைப் பற்றி அவரும் நாவல் எழுதியிருந்தார். ஸ்டைன்பெக்கின் நூல் வெற்றிபெற்றதும், இதே பொருளில் இன்னொன்று விற்காது என்று பதிப்பகம் அதை ஒதுக்கிவிட்டது. 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்' என்ற அந்த நாவல் அச்சேறியது 2004இல். அப்போது அவருக்கு வயது 90ஐத் தாண்டியிருந்தது.

ஸ்டைன்பெக்கை வாசிக்கும் நேயர்கள், சனோரா பாப்பின் நாவலையும் தேடிப்பிடித்து அடுத்து வாசியுங்கள்.