பாஞ்சாலங்குறிச்சிப் போரில் நம்மவர் எங்கே?



கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனால் வழியில் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அந்தத் தேதியைப் பள்ளிக்கூடத்தில் நானும் மனப்பாடம் செய்தேன். அந்தப் போருக்கு எங்கள் தெருவிலிருந்து யாராவது போனார்களா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இன்று அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

முதலில் போரைச் சொல்லிவிடுகிறேன். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். அன்று கோட்டை விழவில்லை. அவன் அதிகாரிகள் சிலர் விழுந்தார்கள். பெரும்படை வருவது தெரிந்து கட்டபொம்மன் வெளியேறினார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். அதன்பின்தான் கயத்தாறு.

போர் அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய மண்கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் படை மோதிப் பெரும் இழப்போடு திரும்பியது. மே 24 அன்று கர்னல் அக்னியூ பீரங்கிகளால் சுவரைப் பிளந்த பிறகுதான் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். அக்டோபர் 1 அன்று காளையார்கோயிலும் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள்.

இதில் நம்மவர் எங்கே? சில நாட்களில் ஒரு கோட்டை எழுந்தது என்கிறோமே, மண் வெட்டியது யார், சுமந்தது யார், மிதித்துக் குழைத்தது யார்? கரிசல் மண்ணில் உழைத்த கைகள் யாருடையவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்த ஆவணத்திலும் அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை. கம்பெனிக்காகச் செத்த வெள்ளையருக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் இன்றும் கல்லறைகள் இருக்கின்றன. எதிர்த்துச் செத்த கூலிக்காரனுக்கு ஒரு கல்கூட இல்லை.

அந்தப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுகளில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கோட்டை விழுந்த அன்று ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடுகிறாள். உயிர் ஊசலாடும் மகன், என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்று என்கிறான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது அம்மை கண்டு செத்த பிணம் என்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். பிறகு நடந்த காளையார்கோயில் போருக்கு ஊமைத்துரை உயிரோடு போனது அந்தத் தாயால். அவள் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயர் கிடைத்த சிலர் வாய்மொழி வழக்கால் கிடைத்தவர்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்த சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து உயிர் கொடுத்தவர் என்று நம் மக்கள் சொல்லி வருகிறார்கள். பூலித்தேவனின் படையில் ஒண்டிவீரன் என்று அருந்ததியர் சொல்லி வருகிறார்கள். எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம் எழுத்து ஆதாரம் கேட்பது நியாயமில்லை. அதே சமயம், மாணவர்களுக்குச் சொல்கிறேன்: வாய்மொழி வழக்கை வாய்மொழி வழக்கு என்றே எழுதுங்கள். இல்லாத ஓலையை இருப்பதாகச் சொன்னால், இருக்கும் உண்மையும் கேலிக்கு ஆளாகும்.

1801 ஜூன் 16 அன்று சின்னமருது வெளியிட்ட திருச்சி அறிக்கையையும் படியுங்கள். மகத்தான அறிக்கை. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. நான்கு வருணத்துக்கு வெளியே இருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அழைக்கப்படாதவர்களும் செத்தார்கள். மறுபக்கம், மதராஸ் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். அதற்காக அவர்களைத் துரோகி என்று சொல்ல நான் தயாராக இல்லை. 1818-இல் கம்பெனிக்காகப் போரிட்ட மகர்களின் கோரேகான் தூணுக்கு 1927-இல் அம்பேத்கர் ஏன் போனார் என்று யோசியுங்கள். சேரியில் பிறந்தவனுக்கு இரண்டு எசமானர்கள் இருந்தார்கள். ஒருவன் மட்டும்தான் கப்பலில் வந்தவன்.

போர் முடிந்து நிலம் யாருக்குப் போனது? பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்களைக் கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரம் போன்ற பாளையங்களுக்குப் பங்கிட்டார்கள். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்தவர்களுக்கு மடி நிறையப் பருத்தி. அதுவும் அடுத்தவன் பருத்தி.

கடைசியாக, நம் காலத்துக்கு வருகிறேன். 1997-இல் விருதுநகரில் தொடங்கிய ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அந்த ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து கட்டபொம்மன் பெயரும் போனது. இந்த மாவட்டத்திலிருந்து சிதம்பரனார் பெயரும் போனது. தளபதியின் பெயர் தன் பக்கத்தில் நிற்பதைச் சாதி பொறுக்காததால் மன்னனின் பெயரும் அழிந்தது. பானர்மன் தூக்குக் கயிற்றால் அழிக்க முடியாத பெயர் அது.

அதனால் பாஞ்சாலங்குறிச்சிப் போர் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நம் தளபதி பெரியவரா உங்கள் தளபதி பெரியவரா என்று சண்டை போட நமக்கு நேரமில்லை. நம் ஊர்க் கிழவிகளிடம் உட்காருங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரியாத அந்தத் தாய்க்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, இனி ஒரு பெயரையும் விட்டுவிடாமல் இருப்பதுதான்.