டிரைவருக்கு விதி தெரியும்; நடக்க நாம் விடுகிறோமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சந்தைக்கு, பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தினமும் நாம் நம்பி ஏறுவது பஸ்ஸில்தான். "டிரைவருங்க விதியையே மதிக்கிறதில்லை" என்று பல குழுக்களில் சொல்கிறீர்கள். நம் குழுக்களிலேயே டிரைவர் வீட்டுப் பெண்களும் இருக்கிறீர்கள். அதனால் இரண்டு பக்கமும் பார்ப்போம்.

டிரைவருக்கு விதி தெரியாதா? நன்றாகத் தெரியும். சின்ன வண்டி லைசென்ஸை ஒரு வருஷமாவது வைத்திருந்த பிறகுதான் பஸ் ஓட்டப் பழகவே அனுமதி. பிறகு ஏன் மீறுகிறார்?

முதல் காரணம் நேரம். பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் கலெக்‌ஷன் போய்விடும் என்று தனியார் பஸ் விரட்டுகிறது. ஐந்து நிமிஷம் தாமதமானால் நாமும், "என்னண்ணே, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க?" என்று கேட்கிறோமே!

இரண்டாவது காரணம் அலுப்பு. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. ஓய்வே இல்லாமல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஓய்வு தர வேண்டும். டிரைவர் வீட்டுச் சகோதரிகளே, இது உங்கள் வீட்டுக்காரரின் உரிமை. தூக்கக் கண்ணோடு ஓட்டினால் விதி எங்கே ஞாபகம் வரும்?

மூன்றாவது காரணம் நாம். வளைவில் நின்று கை காட்டுகிறோம். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவரிடம் கதை பேசுகிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். அவர் இரண்டு நொடி திரும்பினால் சுமார் 33 மீட்டர் தூரம் ரோட்டைப் பார்க்காமலே வண்டி ஓடுகிறது!

படிக்கட்டில் தொங்குவது நம் பிள்ளைகள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தொங்குபவருக்கும் குற்றம், ஏற்றிச் செல்லும் டிரைவருக்கும் குற்றம். ஆனால் பள்ளி நேரத்தில் ஒரே ஒரு பஸ் என்றால் டிரைவர் யாரை இறக்கிவிடுவார்?

ஆகவே மூன்று வேலை செய்வோம். நிறுத்தத்தில் மட்டும் ஏறுவோம், இறங்குவோம். டிரைவர் செல்போன் பேசி ஓட்டினால் சண்டை போடாமல், வண்டி எண், நேரம், இடம் குறித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம். காலையில் கூடுதல் பஸ் கேட்டு ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதி, கிராம சபையிலும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுப்போம்.

ஒருத்தி கேட்டால் அது புலம்பல். ஊரே சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.