தெருவுக்கு ஏத்த மரம் எது?



கருணாபுரத்துல நின்னு மரம் நடுறதைப் பத்திப் பேச வந்திருக்கேன். இந்த ஊர்ப் பேரை வெளியில சொன்னா 2024 ஜூன் மாதம்தான் பலருக்கும் ஞாபகம் வருது. கருணாபுரமும் சுத்துவட்டாரமும் சேர்ந்து, விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாதம் அது. அதைச் சொல்லாம இங்க பேச்சைத் தொடங்க மனசு வரல. எந்த மரக்கன்றும் அந்த இழப்புக்கு ஈடாகாது. ஆனா, இங்க இருக்குற பிள்ளைங்க இந்தத் தெருவுலதான் விளையாடி வளரணும். கூலி வேலைக்குப் போயிட்டு வர்றவங்க இந்த வாசல்லதான் உட்காரணும். அவங்களுக்கு நிழல் வேணும். அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மரம் நல்லதுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயில்ல ஷீட் போட்ட வீட்டுக்குள்ள மதியம் இருந்து பார்த்தவங்களுக்கு அது தெரியும். நான் பேச வந்தது வேற கேள்வி. நட்ட மரம் ஏன் நிலைக்கறதில்லை?

தெரு மரம் பெரும்பாலும் மூணு கட்டத்துல போகுது. முதல் வருஷம், தண்ணி இல்லாமலோ ஆடு மேய்ஞ்சோ போகுது. அஞ்சாறு வருஷத்துல மின்கம்பியைத் தொடுது, உச்சியை வெட்டுறாங்க. பதினஞ்சு இருபது வருஷத்துல வேர் சாக்கடையை உடைக்குது, இல்லைன்னா புயல்ல சாயுது. முதல்ல சொன்னதைத் தண்ணி ஊத்தி, வேலி போட்டுத் தடுக்கலாம். மத்த ரெண்டையும் தடுக்குற நாள், கன்று நடுற அந்த ஒரே நாள்தான். எந்த இடத்துல எந்த மரம்னு அன்னைக்கு எடுக்குற முடிவு, இருபது வருஷம் கழிச்சுப் பலன் தரும்.

சென்னையில 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடிச்சது. ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. செம்மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி சீக்கிரமா வளர்ந்து, பெரிசாப் படர்ந்து, அழகாப் பூக்குற மரங்கள் அதுல நிறைய. இவை கெட்ட மரங்கள் இல்லை. ஆனா ஒரு பக்கம் தார் ரோடு, மறு பக்கம் சிமெண்ட் நடைபாதை, நடுவுல ஒரு சாண் மண்ணு. வேர் ஓட இடமில்லாத இடத்துல அவ்வளவு பெரிய தலையை எந்த மரம் தாங்கும்?

சீக்கிரம் பச்சையாகணும்னு நட்டு மாட்டிக்கிட்டதுக்கு இன்னொரு உதாரணம் கோனோகார்ப்பஸ். வேகமா வளரும், ஆடு மாடு அதிகம் சீண்டாது. அதனால பல ஊர்கள்ல வரிசையா நட்டாங்க. அப்புறம்தான் அதோட மகரந்தத்தால வர்ற ஒவ்வாமை, வேரால வர்ற தொல்லை எல்லாம் பேச்சாச்சு. குஜராத் 2023-ல தடை பண்ணுச்சு. தமிழ்நாட்டுலயும் 2025-ல தடை வந்திருக்கு. நர்சரியில யாராவது இன்னும் கொடுத்தா வாங்காதீங்க.

சரி, நம்ம தெருவுக்கு வருவோம். கன்று வாங்கப் போறதுக்கு முன்னாடி, நடப்போற இடத்துல நின்னு மூணு விஷயம் பாருங்க.

முதல்ல மேல பாருங்க. கம்பி போகுதா? கம்பிக்குக் கீழ 15 அடிக்கு மேல வளராத மரமா இருக்கணும். பவளமல்லி, மந்தாரை சரியா வரும். ரெண்டையும் கவாத்து பண்ணி அடக்கமா வெச்சுக்கலாம்.

அடுத்து கீழ பாருங்க. சாக்கடை, குடிநீர்க் குழாய் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கணும். அதுல இருந்து மூணு அடியாவது தள்ளி நடுங்க. ஆல், அரசு, அத்தி மாதிரி மரங்களைச் சந்துக்குள்ள கொண்டு வரவே வேண்டாம். அதுங்க வேர் செவுத்தையும் பிளக்கும். ஏரிக்கரை, கோயில் திடல்னு அதுங்களுக்கு ஏத்த இடம் இருக்கு.

மூணாவது பக்கத்துல பாருங்க. வீட்டுச் சுவர் எவ்வளவு தூரம்? ஆம்புலன்ஸும் தண்ணி லாரியும் உள்ள வர வழி இருக்கா? அஞ்சாறு அடி இடம்தான்னா சின்ன மரம். பதினஞ்சு அடிக்கு மேல இருந்தாத்தான் வேம்பு, புங்கன்.

புங்கனைப் பத்தி ஒரு வார்த்தை. கோடை தொடங்குறதுக்கு முன்னாடி இலையைக் கொட்டிட்டு, வெயில் உச்சத்துக்கு வர்ற நேரத்துல புது இலையோட நிக்கும். நிழல் அடர்த்தியா இருக்கும், வறட்சியையும் தாங்கும். சரக்கொன்றை பூத்தா தெருவே மஞ்சளாகும், ஆனா பூக்குற அந்தக் கோடையில இலை ரொம்பக் கம்மி. அழகுக்கு அது, நிழலுக்குப் புங்கன். மகிழம் மெதுவா வளரும், ஆனா வருஷம் முழுக்கப் பச்சை, தலையும் அடக்கம். பொறுமை இருக்குறவங்க மகிழம் வைக்கலாம். முருங்கையைத் தெருவோரம் வைக்காதீங்க, கிளை சட்டுனு முறியும். அது கொல்லைக்கு.

நடுத்தரமான இடத்துக்கு நான் முதல்ல சொல்ற மரம் பூவரசு. போத்து நட்டாலே துளிர்க்கும். நல்ல நிழல், ரொம்ப உயரமும் போகாது. நம்ம ஊருக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இருக்கு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்தச் சிற்பிகள் செதுக்குற மரங்கள்ல பூவரசும் வாகையும் உண்டு. வாகை பெரிசாப் படரும், அதனால அதைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேளுங்க.

கல்வராயன் மலையில கடுக்காய் மரம் நல்லா வருதே, இங்க வைக்கலாமான்னு சிலர் கேட்கலாம். மலை மண்ணும் மலைக் காத்தும் வேற. காட்டுல நல்லா நிக்குற மரம் எல்லாம் தெருவுல நிக்கும்னு இல்லை.

இனி நடுற முறை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அது தொடங்குற சமயத்துல நட்டா, கோடைக்குள்ள வேர் பிடிச்சிரும். கன்று அஞ்சடி உயரமாவது இருக்கட்டும். குழி மூணடிக்கு மூணடி. இடம் இல்லைன்னா ரெண்டடியாவது. பிளாஸ்டிக் பையைக் கிழிச்சு எடுத்துட்டுத்தான் வைக்கணும், அவசரத்துல பலர் பையோடவே புதைச்சிடுறாங்க. பைக்குள்ள வேர் சுருண்டிருந்தா மெல்லப் பிரிச்சு விடுங்க. பக்கத்துல ஒரு கம்பு நட்டுத் தளர்வாக் கட்டுங்க, சுத்தி வேலி போடுங்க.

முக்கியமா, மரத்தடியில சிமெண்ட் போட விடாதீங்க. டெல்லியில 2013-லயே, மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்குற சிமெண்டை எடுக்கணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. புதுசா சாலை போடுறப்ப நீங்க நின்னு, "அண்ணா, இந்த மூணடியை விட்டுருங்க"ன்னு சொன்னாப் போதும். அதே மாதிரி விளம்பரத் தட்டிக்காக ஆணி அடிக்க வந்தாலும் தடுங்க.

யாரைக் கேட்கிறதுன்னும் சொல்லிடறேன். தெரு பொது இடம், அதனால நடுறதுக்கு முன்னாடி நகராட்சி அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, குழாய் போற பாதையும் அங்கேயே தெரிஞ்சுடும். கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்ல கேளுங்க. தமிழ்நாட்டோட பசுமைப் பரப்பை 33 சதவீதமா உயர்த்த 2022-ல தொடங்கின பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நடந்துட்டு இருக்கு. கிளை கம்பியைத் தொட்டா நீங்களே அரிவாளோட ஏறாதீங்க, உயிருக்கே ஆபத்து. மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987-ஐக் கூப்பிடுங்க. பொது இடத்து மரத்தை வெட்டணும்னா மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு இருக்கு, யாரும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. எங்கயும் பதில் வரலைன்னா, முதல்வரின் உதவி எண் 1100 இருக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். நூறு கன்று நட்டோம்னு போட்டோ எடுக்க வேண்டாம். பத்து நடுங்க. ஒவ்வொண்ணையும் ஒரு வீடு பொறுப்பெடுத்துக்கட்டும். முதல் ரெண்டு கோடைக்கும் வாரம் ரெண்டு தடவை, ரெண்டு குடம் தண்ணி. பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணி வேண்டாம், அரிசி கழுவின தண்ணி தாராளமா ஊத்தலாம். போட்டோ எடுக்கணும்னா மூணாவது வருஷம் அதே இடத்துல எடுங்க. பத்துல எட்டு நின்னா, அது இந்தத் தெருவோட சாதனை.

எந்த வீட்டுக்கு எந்த மரம்னு இப்பவே பேசி முடிவு பண்ணுவோம். வாங்க, முதல்ல தெருமுனையில இருந்து கம்பியைப் பார்த்துட்டு வருவோம்.