மீண்டும் மேலேறுவது தோல்வியல்ல

(வெண்ணந்தூர் ஒன்றிய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னையில் இறங்க முயன்றது. பக்கவாட்டில் வீசிய காற்று அதை ஆட்டியது. தரையைத் தொடும் நேரத்தில் விமானம் மீண்டும் மேலேறிப் போய்விட்டது. அந்தக் காணொளியைக் கைப்பேசியில் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், அந்த பைலட்டுக்கு இறக்கத் தெரியலையா?"

அன்று அறிவியல் பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது.

புயல் மட்டுமல்ல, கோடை இடிமழையும் விமானிக்குச் சோதனைதான். சித்திரை, வைகாசி மாலைகளில் நம் ஊரில் பார்க்கிறோம். கருமேகம் திரளும். மழைக்கு முன்பே குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மேகத்திலிருந்து இறங்கும் காற்று தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. இறங்கும் விமானம் அதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று; இறக்கையின் தூக்குவிசை கூடும். சில நொடிகளில் அதுவே பின்காற்றாக மாறும். தூக்குவிசை சட்டெனக் குறையும். உயரத்தில் இருந்தால் சமாளிக்கலாம். தரைக்கு அருகில் அவகாசம் இல்லை. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் டெல்டா 191 விமானம் இப்படித்தான் விழுந்தது. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எனவே விமானிகள் இடிமேகத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. விமானத்தின் மூக்கில் உள்ள ரேடார், கனமழை மேகத்தைத் திரையில் சிவப்பாகக் காட்டும். அதை விலகிச் செல்வார்கள். வானத்திலேயே வட்டமிட்டுக் காத்திருப்பார்கள். முடியாவிட்டால் வேறு ஊருக்குத் திருப்புவார்கள். அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே நிரப்பியிருப்பார்கள். கடைசி நேரத்தில்கூட மேலேறலாம். இதற்கு 'கோ அரவுண்ட்' என்று பெயர்.

சொல்வது எளிது. பரபரப்பான விமான நிலையத்தில் பின்னால் பல விமானங்கள் வரிசையில் வரும். மேலேறினால் மறுபடி வரிசையில் சேர வேண்டும். தாமதம், எரிபொருள் செலவு, பயணிகளின் சலிப்பு. 'இந்த முறை இறக்கிவிடுவோம்' என்றே மனம் சொல்லும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கொட்டும் மழையில் கோழிக்கோட்டை அடைந்தது. முதல் முயற்சியில் முறைப்படி மேலேறினார்கள். இரண்டாம் முயற்சியில் பின்காற்று தள்ள, ஏறத்தாழ 2,700 மீட்டர் ஓடுபாதையில் பாதித் தூரம் போன பிறகே விமானம் தரையில் இறங்கியது. துணை விமானி "கோ அரவுண்ட்" என்றார். தலைமை விமானி மேலேற்றவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். துணை விமானியின் சொல் ஏற்கப்படாததையும், அவர் தாமே கட்டுப்பாட்டைக் கையில் எடுக்காததையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதைப் படித்த நாளிலிருந்து ஒன்று என்னை உறுத்துகிறது. நம் வகுப்பறையிலும் அந்தக் குரல் கேட்கிறது. "சார், புரியலை" என்று கடைசி வரிசையிலிருந்து மெல்ல ஒலிக்கிறது. தேர்வு நெருங்குகிறது, பாடம் முடிய வேண்டும் என்று, "அப்புறம் சொல்றேன்" எனப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பிள்ளை கையே தூக்குவதில்லை.

இப்போது அந்தக் குரல் கேட்டால் பாடத்தை அங்கேயே நிறுத்தி, முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு பாடவேளை போகிறதுதான். ஆனால் வகுப்பு என்னோடு வருகிறது.

அந்த மாணவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "இறக்கத் தெரிந்தவர்தான் தம்பி. எப்போது இறக்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்."