றாக்கையை எடுங்கள்

வைனை இருட்டில் வைக்க வேண்டும், தக்கை அடைத்த போத்தலைப் படுக்க வைக்க வேண்டும், வெப்பம் 12, 13 பாகையில் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு அடுத்த தொல்லையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 2 பெட்டியோடு தொடங்கியது 20 பெட்டியாகிவிட்டது. படிக்கட்டின் கீழ் இடம் முடிந்து, கட்டிலின் கீழும் முடிந்து, இப்போது விருந்தினர் அறைக் கதவு பாதிதான் திறக்கிறது. என்ன செய்வது?

லண்டனில் வீடு புதுப்பிக்கிறவர்களைக் கேட்டால் கண்ணாடிச் சுவர் என்பார்கள். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கண்ணாடியால் ஓர் அறை. உள்ளே உலோக முளைகளில் போத்தல்கள் ஒவ்வொன்றாக அந்தரத்தில் நிற்கும். பின்னால் விளக்கு எரியும். வைனுக்கு ஆகாதவை வெளிச்சமும் சூடும். அந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்கி, பிறகு அவற்றை அடக்கக் குளிரூட்டியும் வாங்குகிறார்கள்! உணவகம் என்றால் மன்னிக்கலாம். அங்கே போத்தல் சில மாதங்களில் மேசைக்குப் போய்விடும். 15 வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இந்த அலங்காரம் எதற்கு?

அடுத்தது வைன் பிரிட்ஜ். ஹரோவில் இருக்கும் நண்பர் ஒருவர் 160 போத்தல் கொள்ளும் என்று எழுதியிருந்ததை நம்பி ஒன்று வாங்கினார். அந்தக் கணக்கு தோள் நிமிர்ந்த ஒல்லியான போர்டோ போத்தலுக்கு உரியது. பர்கண்டி போத்தல் அதைவிட அகலம், ஷாம்பேன் இன்னும் அகலம். நண்பருக்கோ பர்கண்டிப் பைத்தியம். மூன்றில் ஒரு பங்கு வெளியே நின்றது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: றாக்கையை எடுத்துவிடுங்கள்.

நான் உணவக நிலவறையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே பொறுப்பாக இருந்தவர் ஒரு வயதான ஆங்கிலேயர். துளைக்கு ஒரு போத்தல் செருகும் மரச்சட்ட றாக்கையைக் கண்டாலே அவருக்கு முகம் சுருங்கும். அவரிடமிருந்தவை செங்கல் மாடங்கள். இங்கிலாந்தின் பழைய பெரிய வீடுகளில் கட்டினார்களே, அதே மாதிரி. மாடத்துக்குள் சட்டம் கிடையாது, துளை கிடையாது. போத்தலின் மேல் போத்தல்தான்.

இதை எப்படி அடுக்குவது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கேளுங்கள். முதல் வரிசையில் போத்தலின் அடிப்பாகம் உங்களைப் பார்க்கட்டும், கழுத்து சுவர்ப்பக்கம் போகட்டும். கழுத்து மெல்லியது, தானாகத் தாழும். அதனால் கழுத்தின் கீழே ஒரு மரச் சிலாகையைக் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் உள்ள போத்தல் உருளாமல் இருக்க, பழைய தக்கையைச் சீவி ஆப்பாகச் செருகுங்கள். அதன் மேல் மெல்லிய சிலாகை இரண்டு, அதன் மேல் அடுத்த வரிசை. முதல் வரிசை மட்டமாக இருந்தால் பத்தாவது வரிசையும் மட்டமாக இருக்கும். முதல் வரிசையில் அவசரப்பட்டால் மேலே எதுவும் நிற்காது. விறகு அடுக்கத் தெரிந்த கைக்கு இது ஒரு பின்னேர வேலை.

கணக்கையும் பார்ப்போம். போர்டோ போத்தலின் குறுக்களவு ஏறக்குறைய 7.5 சென்ரிமீற்றர். சட்ட றாக்கையில் மரத்தையும் சேர்த்து ஒரு போத்தலுக்கு 10 சென்ரிமீற்றர் போகும். ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் உள்ள இடத்தில் றாக்கை 100 போத்தல் கொள்ளும். சிலாகை அடுக்கு 150ஐத் தாண்டும். அதே சுவர், அதே தரை. றாக்கையை எடுத்தால் பாதி மடங்கு இடம் கூடும். ஆனால் எடையை மறக்காதீர்கள். நிறைந்த போத்தல் ஒன்றேகால் கிலோ. 150 போத்தல் 180 கிலோவுக்கு மேல். மரத்தரை உள்ள மாடி அறையில் இதைச் செய்யாதீர்கள். கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டி.

கண்ணாடி மேல் கண்ணாடி உடையாதா என்று கேட்பீர்கள். பிரான்சில் ரீம்ஸ் நகரத்துச் சுண்ணக் குகைகளுக்குப் போய்ப் பாருங்கள். பழைய காலத்தில் கல் வெட்டிய குழிகள் அவை. அங்கே ஷாம்பேன் போத்தல்கள் ஆயிரக்கணக்கில், சிலாகை மட்டும் கொடுத்து, ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. உள்ளே வாயு அழுத்தம் கார் டயரைவிட அதிகம். அதையே அப்படி அடுக்குகிறார்கள். உங்கள் வீட்டுச் சிவப்பு வைனுக்கு என்ன வந்தது? 18ஆம் நூற்றாண்டுக்கு முன் போத்தல் வெங்காயம் மாதிரி உருண்டிருந்தது, அடுக்க முடியாது. பக்கம் நேரான பிறகுதான் படுக்கவைத்து வருடக்கணக்கில் முதிர விடும் வழக்கமே வளர்ந்தது. இந்த மாடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பின்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் வைன்களில் பின் 28, பின் 389 என்று எண் போட்டிருக்கும். அவை நிலவறையில் அந்த வைன் கிடந்த மாடத்தின் எண்கள். பின் 707 என்பதோ விமானத்தின் பெயர். அது வியாபாரிகளின் விளையாட்டு.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு மாடத்தில் ஒரே வைன்தான் இருக்க வேண்டும். அடியில் கிடக்கும் போத்தலை மட்டும் உருவ முடியாது. ஒவ்வொன்றில் ஒன்று வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு இது சரிவராது. எனக்கு அந்தப் பழக்கமே பிடிக்காது. ஒரு வைன் எப்படி வளர்கிறது என்று ஒரு போத்தலைத் திறந்து அறிய முடியாது. ஆறு போத்தலாவது, முடிந்தால் பன்னிரண்டு வாங்குங்கள். எந்த மாடத்தில் என்ன, எத்தனை மீதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எடின்பரோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் செயின்ஸ்பரி அப்படி எழுதி வைத்த கொப்பியிலிருந்துதான் 1920இல் ஒரு புத்தகமே வந்தது.

மாடத்துக்கு எங்கே போவது? லண்டனின் பழைய தொடர்வீடுகளில் நடைபாதைக்குக் கீழே நிலக்கரி அறை இருக்கும். தெருவில் வட்டமான இரும்பு மூடியைப் பார்த்திருப்பீர்கள், அதன் வழியாகத்தான் கரியைக் கொட்டினார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தபிறகு அந்த அறைகளுக்கு மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போயிற்று. பலர் அதில் உடைந்த சைக்கிளை வைத்திருக்கிறார்கள். சைக்கிளை வெளியே போடுங்கள். ஈரம் லேபிளை உரிக்கும், உண்மை. தக்கைக்கு அந்த ஈரம் நல்லது. விற்கச் சேர்க்கிறவர்தான் லேபிளுக்காக அழவேண்டும்.

அப்படி ஓர் அறை இல்லாதவர்கள், விலை உயர்ந்ததை வெளியே காப்பகத்தில் வைக்கலாம். வில்ட்ஷயரில் கோர்ஷம் அருகே, போர்க்காலத்தில் வெடிமருந்து வைத்த பழைய கற்சுரங்கத்தில் வைன் காக்கிறார்கள். சுங்கக் காப்பில் கிடக்கும்வரை தீர்வையும் கட்டத் தேவையில்லை. வருட வாடகை உண்டு. நினைத்த இரவில் எடுத்துத் திறக்க முடியாது, எனக்கு அதுதான் குறை.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். திருகு மூடி போட்டதைப் படுக்க வைக்க அவசியமில்லை. அதை நிறுத்தி, கிடைத்த மூலையில் தள்ளுங்கள். மாடத்தைத் தக்கைக்கு விடுங்கள். மற்றது, இடம் போதாதபோது குறைப்பதும் ஒரு வழி. பிரித்தானிய அரசு விருந்துகளுக்கான நிலவறை லங்காஸ்டர் மாளிகையின் கீழே இருக்கிறது. அவர்களே 2011 முதல் விலை ஏறிய பழைய போத்தல்களில் சிலவற்றை விற்றுப் புதியதை வாங்குகிறார்கள். நாமும் விற்கலாம், அல்லது குடிக்கலாம்.

கடையில் விற்கும் வைனில் மிகப் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகச் செய்தது. ஆகவே மாடம் கட்டுமுன் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கட்டிலின் கீழே போன வருடத்து ரோஸே இருந்தால் அதை எங்கே அடுக்குவது என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த வார முடிவில் குளிரவைத்துக் குடித்துவிடுங்கள்.