கூட வந்தது யார்?



ஜெரால்ட் பெரமன் அமெரிக்காவின் பெர்க்லியில் மானிடவியல் பேராசிரியர். 2013-இல் இறந்துபோனார். வெள்ளைக்காரப் பேராசிரியரைப் பத்தி நமக்கென்ன பேச்சுன்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

1957-58-இல் டேராடூன் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். முதலில் அவருக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பிராமணர். அவர் முன்னால் மேல்சாதிக்காரர்கள் கறி தின்பதையும் சாராயம் குடிப்பதையும் மறைத்தார்கள். அவர் நோயில் படுக்க, ஒரு முஸ்லிம் வந்தார். அதுக்கப்புறம்தான் தாழ்த்தப்பட்ட மக்கள் மனம்விட்டுப் பேசினாங்க. ஊர் அதே ஊர்தான். ஆனா கேட்ட கதை வேற. இதை 1962-இல் அவரே எழுதி வெளியிட்டார்.

1960-இல் இந்தியச் சாதியையும் அமெரிக்க நிறவெறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கீழே அழுத்தப்பட்டவன் அந்த இடத்தை ஒத்துக்கொள்வதில்லை, அதிகாரம்தான் அழுத்தி வைத்திருக்கிறது என்றார். சாதியைத் தூய்மை, தீட்டு என்று விளக்கிய லூயி துய்மோனின் பார்வை பிராமணியப் பார்வை என 1971-இல் மறுத்தார்.

ஆகவே சாதி பற்றிய எந்த ஆய்வையும் படிக்கும்போது கேளுங்கள்: இவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்? சேரிக்குள் வந்தாரா? வந்தபோது கூட வந்தது யார்?

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் சாதி பற்றிக் கட்டுரை படித்தார். அவருக்கு நடுவில் ஆள் தேவைப்படலை. நமக்கு மட்டும் எதுக்கு? நம்ம தெருவை நாமே எழுதுவோம்.